கொக்கின் பூட்டு

லிஃப்ட் வேலையில் ஒரே ஒரு சட்டம்தான் சட்டம். மற்றதெல்லாம் ஆபீஸில் உட்கார்ந்து காகிதத்துக்காக எழுதியது. குழிக்குள் இறங்குகிறவன் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், அதில் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும், சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பூட்டு. ஒருவன் பூட்டை இன்னொருவன் திறக்கக் கூடாது. மேனேஜரே வந்து நின்று கத்தினாலும் கூடாது. பூட்டில் அவனவன் நம்பர் பெயிண்டில் எழுதியிருக்கும். என் நம்பர் பதினேழு. என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், அவன் நம்பர் இருபத்து மூன்று. கால் நீளம் என்பதால் கம்பெனியில் அவனுக்குக் கொக்கு என்று பெயர். எனக்குப் பட்டாசு என்று பெயர். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

குழி என்று நாங்கள் சொல்வது, லிஃப்ட் வந்து நிற்கும் தரைத்தளத்துக்கும் கீழே இருக்கிற ஐந்தடிப் பள்ளம். மேலே பார்த்தால் லிஃப்டின் வயிறு தெரியும். அது கீழே வந்தால் பள்ளத்தில் இருப்பவனுக்கு ஒதுங்க இடம் கிடையாது. அதனால்தான் அந்தப் பூட்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு துணிக்கடையில் நானும் மச்சானும் குழி வேலை முடித்து ஏறினோம். அந்தக் குழியில் இருக்கும் நிறுத்தும் பொத்தான் கெட்டுப்போயிருந்தது, மாற்றுப் பொத்தான் இன்னும் வரவில்லை. ஆகவே பூட்டுதான் எல்லாம். நான் போய் என் பூட்டைக் கழற்றிப் பையில் போட்டேன். பிறகுதான் டார்ச்சைக் குழியிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. டார்ச்தானே, ஒரு நிமிஷம் என்று யாரிடமும் சொல்லாமல் மறுபடி இறங்கினேன். பூட்டுப் போடவில்லை. மச்சான் தன் பூட்டையும் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டான். லிஃப்ட் வந்தது. நான் தரையோடு தரையாகப் படுத்தேன். இரும்புச் சட்டம் தோளை உரசிக்கொண்டு இறங்கி, விலாவில் இரண்டு எலும்பை முறித்துவிட்டு நின்றது.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் மேனேஜர் வந்தார். பூட்டில்லாமல் இறங்கினவனுக்கு அன்றே சீட்டுக் கிழியும், அது எல்லாருக்கும் தெரியும். அவர் கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு, "உன் பூட்டை உன் மச்சான் எடுத்துட்டானாமே?" என்று கேட்டார். அப்போது என் மனைவிக்கு எட்டாவது மாதம். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். "ஆமா சார்" என்றேன்.

அவ்வளவுதான், இரண்டே வார்த்தை. மச்சானின் வேலை போயிற்று. எந்த லிஃப்ட் கம்பெனியும் அவனை எடுக்கவில்லை. பாவி நான், அதற்குப் பிறகு அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவனும் என் வீட்டுக்கு வரவில்லை. என் மனைவி மட்டும் புதன்கிழமைதோறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய் வருவாள். திரும்பி வந்தால் அன்றைக்கு முழுக்க என்னோடு பேச்சு கம்மியாக இருக்கும்.

அதற்கப்புறம் குழி என்றாலே எனக்குக் கை கால் ஆடும். முட்டிவலி என்று சொல்லிவிட்டு மொட்டைமாடி மெஷின் ரூம் வேலையாகப் பார்த்து வாங்கிக்கொண்டேன். குழிக்கு எப்போதும் என் ஹெல்ப்பர்தான் இறங்குவார், பேரன் எடுத்த மனிதர், பாவம். ஒரு முறை வேறு வழியில்லாமல் நான் இறங்க வேண்டி வந்தது. ஒன்றுக்கு மூன்றாகப் பூட்டுப் போட்டேன். அப்படியும் ஏணியின் இரண்டாவது படியில் வியர்த்துக் கொட்டி மேலே ஏறிவிட்டேன். போடாத பூட்டைப் போட்டதாகச் சொன்னவனுக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும் நம்பிக்கை வராது போலிருக்கிறது.

ஜெபம் செய்யாமல் இல்லை. தினமும் காலையில் அரை மணி நேரம் முழங்காலில் நிற்பேன். ஆண்டவரே, இந்தப் பயத்தை எடுத்துப் போடும், இந்தப் பயத்தை எடுத்துப் போடும் என்று ஒரே பாட்டு. என் மனைவி தையல் மெஷினில் நூல் கோத்தபடியே ஒருநாள் சொன்னாள்: "அதை எடுங்க, இதைப் போடுங்கன்னு... ஆண்டவர் என்ன உங்க ஹெல்ப்பரா?"

"ஜெபத்துல குறுக்க பேசாதே."

"நீங்க ஜெபம் பண்ற மாதிரியா இருக்கு? ஆர்டர் போடுற மாதிரி இருக்கு."

எனக்குச் சுள்ளென்று வந்தது. சாப்பிடாமல் வேலைக்குப் போனேன். பட்டாசு என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்.

அவளுக்கு இன்னொன்றும் தெரியும். எங்கள் சபையில் மாதம் ஒரு ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பதற்கு முன்னால் போதகர் ஒரு நிமிடம் நிறுத்துவார். யாரோடாவது மனஸ்தாபம் உள்ளவர்கள் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்பார். நான் சரியாக அந்த நேரத்தில் எழுந்து, சவுண்ட் பாக்ஸில் ஏதோ இரைச்சல் வருகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போய்விடுவேன். ஒயர்களை இழுத்துப் பார்ப்பேன். எல்லாரும் குடித்து முடித்த பிறகு வந்து உட்காருவேன். இரண்டு வருடமாக அந்த சவுண்ட் பாக்ஸில் ஒரு கோளாறும் கிடையாது. அதை அவ்வளவு நன்றாக யாரும் பராமரித்திருக்க மாட்டார்கள்.

மச்சானும் அதே சபைதான். முன்பெல்லாம் என் பக்கத்தில் உட்காருவான். இப்போது கடைசி வரிசை. நான் ஒயரை இழுக்கப் போகும்போது அவன் முதுகைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இந்த நிலையில்தான் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீஸிலிருந்து போன். ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றுவிட்டது, உடனே போ என்றார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டதும், வேறு யாரையாவது அனுப்ப முடியாதா என்றேன். மச்சான் அங்கேதான் வாசலில் செக்யூரிட்டி. அந்தக் கட்டிடத்தை நான் இரண்டு வருடமாக யார் தலையிலாவது கட்டிவிட்டுத் தப்பித்து வந்தேன். அன்று கட்டுவதற்குத் தலை இல்லை. என் ஹெல்ப்பருக்குக் காய்ச்சல், மற்றவர்கள் எல்லாம் ஊரின் அந்தக் கோடியில் இருந்தார்கள்.

போனேன். நீல யூனிபார்ம், கையில் ரிஜிஸ்டர், வாசலில் நின்றான். என்னைப் பார்த்தான். "எந்த கம்பெனி?" என்று கேட்டான்.

தெரியாதா அவனுக்கு! "லிஃப்ட்" என்றேன்.

"கையெழுத்து போடுங்க" என்று ரிஜிஸ்டரை நீட்டினான். போட்டேன். டைம் எழுத மறந்துவிட்டேன், அவனே எழுதிக்கொண்டான்.

லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றிருந்தது. அந்த மூன்றாவது மாடியில்தான் கிட்னிக்காரர்களுக்கு டயாலிசிஸ் பண்ணுகிற வார்டு. கீழே ஆறு பேர் காத்திருந்தார்கள், நான்கு பேர் சக்கர நாற்காலியில். மாடிப்படி குறுகல், மூன்று திருப்பம். அதில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. காத்திருந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், கால் இரண்டும் வீங்கி மினுமினுவென்று இருந்தது. என்னைப் பார்த்ததும், "தம்பி, ஒரு மணி நேரமா ஸ்டாப்பிங்ல நிக்கிறேன். வண்டி வருமா வராதா?" என்றார்.

பேனலைப் பார்த்ததுமே கோளாறு தெரிந்துவிட்டது. லிஃப்ட் வேகம் மீறினால் பிடித்து நிறுத்துவதற்கென்று ஒரு தனிக் கயிறு உண்டு. அதன் கீழ் முனையில் ஒரு எடை குழிக்குள் தொங்கும். நாள்பட்டால் கயிறு நீண்டுபோகும். நீண்டால் எடை தாழ்ந்து அங்கே இருக்கும் ஒரு சுவிட்சைத் தட்டிவிடும். அப்புறம் லிஃப்ட் அசையாது. கயிற்றைக் கொஞ்சம் இழுத்துக் கட்டினால் போதும், முக்கால் மணி நேர வேலை. ஆனால் அதைக் குழிக்குள் இறங்கித்தான் செய்ய வேண்டும்.

மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"உன்கூட யார் இருக்கா?"

"யாரும் இல்ல சார்."

"அப்ப இறங்காதே. வேலை தெரிஞ்ச ஒருத்தன் மேல நிக்கணும். நாலு மணிக்கு ஆள் அனுப்புறேன்."

அப்போது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாலு மணி என்று நான் நர்ஸம்மாவிடம் சொன்னேன். அந்தம்மா என் முகத்தையே பார்த்தார்கள். பஸ் டிரைவரைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்தி, "அவருக்கு நேத்தே பண்ணியிருக்கணும். இப்பவே மூச்சு வாங்குது. நாலு மணி வரைக்கும் வச்சிருக்க முடியாதுங்க" என்றார்கள்.

நான் எலெக்ட்ரிக் ரூம் பக்கம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அந்தக் கட்டிடத்தில் லிஃப்டின் மெயின் சுவிட்ச் தரைத்தளத்திலேயே, லிஃப்ட் கதவுக்குப் பக்கத்து அறையில் இருந்தது. பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"குழி வேலையா மாமா?"

இரண்டு வருடத்துக்கு அப்புறம் அவன் வாயிலிருந்து வந்த மாமா. வாசலில் வேறு ஒருவரை நிறுத்திவிட்டு வந்திருந்தான்.

"ஆமா. ஆளில்ல. நாலு மணிக்குத்தான்."

"நான் நிக்கிறேனே. எனக்குத் தெரியாத வேலையா?"

மறுபடியும் நான் குழியில், இவன் சுவிட்சுக்குப் பக்கத்தில். உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா ஆண்டவரே என்று மனதுக்குள் கத்தினேன். ஆனால் வாய், "சரி" என்றது. அந்த டிரைவரின் கால்தான் கண்ணுக்குள் நின்றது.

சுவிட்சை அணைத்தேன். பதினேழைப் போட்டுப் பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன். மறுபடி இழுத்துப் பார்த்தேன். தரைத்தளக் கதவைத் திறந்து, குழியின் நிறுத்தும் பொத்தானை அழுத்தி, விளக்கைப் போட்டு, ஏணியில் ஒரு காலை வைத்தேன். அடுத்த கால் வரவில்லை. என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆண்டவரே பயத்தை எடுத்துப் போடும் என்றேன். ஒன்றும் ஆகவில்லை. திரும்பச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. எடுத்துப் போட வேண்டியது பயம் இல்லை. அந்த "ஆமா சார்"தான். அதை நான் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டு, அதன் நாற்றத்தை மட்டும் போக்கச் சொல்லி இரண்டு வருடமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆண்டவர் வாயே திறக்காததில் ஆச்சரியமில்லை.

ஏணியிலிருந்து காலை எடுத்தேன். மச்சானைப் பார்த்துத் திரும்பினேன்.

"டேய், அன்னிக்கு நான் பூட்டுப் போடலடா. டார்ச் எடுக்கப் போனேன். பூட்டு என் பையிலதான் இருந்துச்சு. நீ எடுத்தேன்னு நான் பொய் சொன்னேன். உன் வேலை போனதுக்கு நான்தான் காரணம்."

சொல்லிவிட்டேன். அறைவான் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் வாங்கியிருப்பேன்.

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"உங்களை ஆம்புலன்ஸ்ல ஏத்துனப்ப உங்க பையை யார் தூக்கிட்டு வந்தது? நான்தானே. பூட்டு உள்ள கிடந்துச்சு. அன்னிக்கு சாயங்காலமே மேனேஜர்கிட்ட போயி, மாமா பூட்டுப் போட்டிருந்தாரு, நான்தான் அவசரத்துல ஸ்பேர் சாவி போட்டு எடுத்துட்டேன்னு சொல்லிட்டேன்."

எடுத்துட்டானாமே என்று மேனேஜர் கேட்டாரே! யார் சொல்லி அந்த "ஆமே" என்று ஒருநாள்கூட நான் யோசிக்கவில்லை. நான் பொய் சொல்வதற்கு ஒருநாள் முன்னாலேயே இவன் என் பழியை வாங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறான்.

"ஏண்டா அப்படிச் சொன்னே?"

"அக்காவுக்கு எட்டு மாசம். நீங்க எலும்பு உடைஞ்சு கிடக்கீங்க. உங்க வேலையும் போச்சுன்னா? எனக்கு அப்பக் கல்யாணம்கூட ஆகல, கழுதை எங்க போனா என்னன்னு இருந்தேன். நானும் எட்டிப் பாக்காமத்தானே சுவிட்சைப் போட்டேன். அதுவும் தப்புதானே."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"சொல்லல. ஆனா அக்காவுக்குத் தெரியாதது எது?"

அதுவரை பச்சைத் தண்ணீர் மாதிரி பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று குரலை உயர்த்தினான். "வேலை போனது என் இஷ்டம் மாமா. அதுக்கு நான் உங்களைக் கேக்கல. ஆனா ரெண்டு வருஷம்! என் கல்யாணத்துக்கு ஒரு மூலையில வந்து நின்னுட்டு சாப்பிடாமப் போனீங்களே. சர்ச்ல என்னைத் தாண்டித் தாண்டிப் போயி அந்த ஒயரைப் பிடிச்சு இழுப்பீங்களே. அப்பல்லாம் உங்க கழுத்தை நெரிக்கலாம்னு வரும். ஒரு வார்த்தை, நல்லாருக்கியாடான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரி எலெக்ட்ரிக் ரூம் வாசலில், யூனிபார்மோடு, நாற்பது வயது ஆம்பளை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். "மன்னிச்சுக்கடா" என்றேன். வேறு என்ன சொல்வது?

"மன்னிச்சு ரொம்ப நாளாச்சு. நீங்கதான் வந்து வாங்கிக்கல" என்றான். பிறகு பேன்ட் பாக்கெட்டுக்குள் கையை விட்டு எதையோ எடுத்தான்.

சிவப்புப் பூட்டு. இருபத்து மூன்று. பெயிண்ட் பாதி உதிர்ந்திருந்தது.

"இதைத் திருப்பிக் குடுக்கலையா நீ?"

"ஸ்பேனர், ஐடி கார்டு எல்லாம் வாங்கிக்கிட்டாங்க. இதைக் கேக்கல. நானும் குடுக்கல. சைக்கிளுக்குப் போட்டுட்டு இருக்கேன்."

மெயின் சுவிட்சில் என் பூட்டுக்குப் பக்கத்து ஓட்டையில் அதை மாட்டினான். டக்கென்று அமுக்கினான்.

"நீ இறங்கலியே, உனக்கு எதுக்குப் பூட்டு?"

அவன் சாவியை உருவி என் சட்டைப் பையில் போட்டான். "இப்ப ரெண்டு சாவியும் உங்ககிட்ட. நானே நினைச்சாலும் இந்த லிஃப்டை ஓட்ட முடியாது. இறங்குங்க."

இறங்கினேன்.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. குழிக்குள் கால் வைத்ததும் பழைய தோள் வலித்தது. மேலே லிஃப்டின் வயிறு இருட்டில் தெரிந்தது. ஒரு கம்பி டிங் என்று அதிர்ந்ததற்குப் பாதி உயிர் போயிற்று. ஆனால் கை ஆடவில்லை. சட்டைப் பையில் இரண்டு சாவியும் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என் பழியைச் சுமந்தவன் மேலே நிற்கிறான், அவனுக்கும் மேலே ஒருவர் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். போதகர் பிரசங்கத்தில் இதை நூறு தடவை சொல்லியிருக்கிறார். எனக்கு அன்றுதான் காதில் விழுந்தது.

"இருக்கியாடா?" என்று நடுநடுவே குரல் கொடுத்தேன்.

"இல்ல மாமா, டீ குடிக்கப் போயிட்டேன்" என்று தலைக்கு மேலே பதில் வந்தது.

முக்கால் மணி நேரம் என்றேனே, அரை மணியில் கயிற்றை இழுத்துக் கட்டி, சுவிட்சைச் சரிசெய்து, தரையைத் துடைத்து, டார்ச்சை மறக்காமல் எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். என் பூட்டை நான் திறந்தேன். அவன் சாவியை அவனிடம் கொடுத்தேன், அவன் பூட்டை அவன் திறந்தான். சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் அவன் குழிக்குள் எட்டிப் பார்த்தான். நான் பக்கத்திலேயே நிற்கிறேன், அப்படியும் பார்த்தான். இரண்டு வருடமாக அவனுக்குள்ளும் ஒரு குழி இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

லிஃப்ட் வந்தது. மேலும் கீழும் நான்கு தடவை ஓட்டிப் பார்த்த பிறகு பஸ் டிரைவரை முதலில் ஏற்றினோம். கதவு மூடும்போது, "ரைட், போலாம்" என்று அவர் இரைக்க இரைக்கக் குரல் கொடுத்தார்.

வேலை தெரிந்த ஒருவரை மேலே நிறுத்தி முடித்துவிட்டேன், நாலு மணிக்கு ஆள் வேண்டாம் என்று ஆபீஸுக்குச் சொன்னேன். அதோடு விட்டிருந்தால் அது யார் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது. வேலைச் சீட்டில் பூட்டு எண் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பதினேழு என்று எழுதினேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பக்கத்தில் இருபத்து மூன்று என்றும் எழுதினேன்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். சீட்டை மேஜையில் வைத்து, அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். "இருபத்து மூணு நம்பர் ரெண்டு வருஷம் முன்னாடி வேலையை விட்டுத் துரத்துன ஆளு. இது எப்படி வந்துச்சு?"

"உக்காருங்க சார்" என்றேன். அவர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார். முழுவதையும் சொன்னேன். டார்ச்சிலிருந்து ஆரம்பித்து அழுதது வரைக்கும் சொன்னேன். அழுததை விட்டிருக்கலாம். அவர் சீட்டை எடுத்து ஃபைலில் வைத்தார். "உன்னைத் தூக்க வேண்டியிருக்கும், தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும் சார். அவன் பேர்ல இருக்கிறதை அழிச்சுட்டு அப்புறம் தூக்குங்க."

திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்தினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "வேலை போனா போகட்டும். நான் இன்னும் நாலு ஜாக்கெட் சேர்த்துத் தைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, புதன்கிழமை இல்லாத அன்று, செருப்பை மாட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பி, "வரீங்களா, இல்ல அங்கயும் ஏதாச்சும் ஒயர் இழுக்கணுமா?" என்றாள். போனேன்.

அந்த ஞாயிறு திருவிருந்து. திங்கட்கிழமை என்ன ஆகும் என்ற பயம் வயிற்றில் இருக்கத்தான் இருந்தது. ஆனால் அது வேறு மாதிரிப் பயம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார முடிந்தது. மச்சான் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்து, அந்த நீளக் காலை மடக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

போதகர் வழக்கம்போல ஒரு நிமிடம் நிறுத்தினார். சபை அமைதியாக இருந்தது. அப்போது பார்த்து, இரண்டு வருடத்தில் முதல் முறையாக, சவுண்ட் பாக்ஸ் கர்ர்ர் என்று இரைந்தது. நிஜமான கோளாறு. எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது. போதகரே என்னைப் பார்த்தார்.

நான் எழுந்திருக்கவில்லை.

"மாமா, பாக்ஸ்" என்று மச்சான் காதில் கிசுகிசுத்தான்.

"கத்தட்டும்டா" என்றேன். அப்பம் எங்கள் வரிசைக்கு வந்தது. அவன் எடுத்துக்கொண்டு தட்டை என் கையில் கொடுத்தான்.